பிறக்கும் இடமும் கீழ்த்தாடையும்: பேராக் தோட்டங்களின் பேறுகால வரலாறு

கீழ்த்தாடை போதிய அளவு வளராமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஆபத்து மூச்சில்தான் வருகிறது. தாடை சிறுத்துப் பின்வாங்கியிருந்தால் நாக்குக்கு இடம் போதாது. மல்லாக்கப் படுக்கவைத்ததும் நாக்கு தொண்டைக்குள் சரிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நிமிடங்களிலேயே இது நேரும். சிலருக்கு முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது நேரும். மூச்சுக்கு வழி செய்யத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் இவர்களில் பலர் பிழைத்து மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்துவிடுவார்கள். ஆகவே இந்தக் குறைபாட்டில் குழந்தை எங்கே பிறக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் கதியைத் தீர்மானிக்கிறது. பிறக்குமுன்பே ஸ்கேனில் கண்டுபிடிப்பதன் முதன்மையான பயனும் அதுதான்: பேற்றை உரிய இடத்துக்கு மாற்றிவிடலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கு அந்த வசதி கிட்ட முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தாமதத்துக்கு மருத்துவ அறிவின் குறை பாதிக் காரணம். தோட்டத்தின் வேலி மறுபாதி.

கரு நான்கு வார அளவில் இருக்கும்போது அதன் கழுத்துப் பகுதியில் அடுக்கடுக்காகச் சில வளைவுகள் தோன்றுகின்றன. முதல் வளைவிலிருந்து கீழ்த்தாடை உருவாகிறது. தலைப்பக்கத்திலிருந்து நகர்ந்து வரும் உயிரணுக்கள் அங்கே குடியேறி, ஒரு குருத்தெலும்புக் கம்பியை அமைக்கின்றன. ஜெர்மானிய உடற்கூறியலாளர் மெக்கெலின் பெயரால் அது வழங்குகிறது. அதைச் சுற்றித்தான் தாடை எலும்பு படிகிறது. இரண்டாம் மாத முடிவில் இன்னொரு நுட்பமான காரியம் நடக்கிறது. அதுவரை வாய்க்குள் மேலே எழும்பி நின்ற நாக்கு, தாடை முன்னோக்கி வளர வளரக் கீழே இறங்குகிறது. நாக்கு விலகிய இடத்தில் இரு பக்கத்து அண்ணத் தகடுகளும் நடுவில் வந்து சேர்ந்து மேலண்ணம் மூடிக்கொள்கிறது. தாடை வளரத் தவறினால் நாக்கு இறங்காது. நாக்கு இறங்காவிட்டால் அண்ணம் மூடாது. சிறுதாடை, பின்னுக்குச் சரியும் நாக்கு, பல வேளைகளில் அண்ணப்பிளவு என மூன்றும் ஒன்றன் விளைவாக ஒன்று வந்து சேர்வது இப்படித்தான். பாரிஸில் வாய் மருத்துவராக இருந்த பியேர் ரோபின், நாக்கு பின்சரிந்து மூச்சை அடைப்பதைப் பற்றி 1923ல் எழுதினார். இந்தத் தொடர் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் அது காணப்படுகிறது.

அந்த 1923ல் பேராக்கின் தோட்டங்கள் தமிழ்த் தொழிலாளர்களால் நிரம்பியிருந்தன. கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் சில, பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் 1877ல் கோலாகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியதும் கோலாகங்சார், சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, சுங்காய், தெலுக் இந்தான் வட்டாரங்களில் காடு வெட்டப்பட்டுப் பால்மரம் நடப்பட்டது. அதற்கு முன்பே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் இருந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிவுக்கு வந்தது. அதன்பின் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள்சேர்த்து அழைத்து வந்தார்கள். கங்காணி முறையில் பெண்கள் கூடுதலாக வந்தனர். லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடும்பங்கள் அமைந்தன, குழந்தைகள் பிறந்தன.

விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, பால்வாளியும் கத்தியுமாக நிரைக்குப் போகும் பெண்கள், நிறைமாதம்வரை வேலை செய்தார்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைத்தன. மலேரியா கண்ட தாயின் கரு எடை குறைந்து பிறந்தது, அல்லது பிறக்காமலே போயிற்று. வலி எடுத்தால் லயத்து வீட்டிலேயே பேறு நடந்தது. பிள்ளை பிடிக்கத் தெரிந்த மூத்த பெண் ஒருத்தி வருவாள். தாய் வழியாகவோ மாமி வழியாகவோ கற்ற கைப்பழக்கம் அது. வயிற்றைத் தடவிக் குழந்தை தலைகீழாக இருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று சொல்வதில் இவர்களில் சிலர் தேர்ந்தவர்கள். ஆனால் எந்தக் கையாலும் வயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சிசுவின் தாடையைத் தடவி அறிய முடியாது. ஒரே ஒரு மறைமுக அடையாளம் இருந்தது. தாடையும் நாக்கும் சரியாக இயங்காத சிசு பனிக்குட நீரை விழுங்கத் திணறும். நீர் தேங்கி, மாதத்துக்கு மீறி வயிறு பெருக்கும். அப்படிப் பெருத்த வயிற்றைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளை என்றோ நீர்க்கட்டு என்றோதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் பொறுப்பு டிரசரிடம் இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கொய்னா கொடுப்பது, வேலைக்குப் போக முடியாதவரைப் பதிவது ஆகியவை அவர் வேலை. பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு டாக்டர் முறைவைத்து வந்து போனார். பெரிய நிறுவனங்கள் சில இதைவிட நன்றாகவே செய்தன. டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906ல் தெலுக் இந்தான் வட்டாரத்தில் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம், தனக்கென மருத்துவமனை வைத்து நடத்திய தோட்டங்களில் ஒன்று. சிறிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி என்பது நான்கு கட்டில் போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவே. அங்கே பிள்ளை பெறப் போவதைப் பெண்கள் விரும்பவும் இல்லை. ஆண் டிரசர் இருக்கும் இடத்தில் பிள்ளைப்பேறா என்ற கூச்சம் ஒருபுறம். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பாததைப் பார்த்த அச்சம் ஒருபுறம்.

இந்தக் காலத்தில் தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டைப் புரட்டியும் கண்டுபிடிக்க இயலாது. காலனிய மலாயாவில் கைக்குழந்தை இறப்புகள் பெரும்பாலும் ‘வலிப்பு’, ‘காய்ச்சல்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடைக்கப்பட்டன. இறப்பைப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்லர். மூச்சு முட்டி நீலம் பாரித்துக் கைகால் வெட்டிப் போன குழந்தையை அவர் வேறெந்தச் சொல்லில் எழுதியிருக்க முடியும்? பாலை உணவுக்குழல் வழியாக விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் விட்டு, சளி கட்டிக் காய்ச்சல் வந்து இறந்த குழந்தையும் ‘காய்ச்சல்’ என்றே எழுதப்பட்டிருக்கும். தொப்புள்கொடியை அறுத்த கருவியால் தொற்றிய ரணஜன்னியில் போன குழந்தைகளும் அதே ‘வலிப்பு’ப் பட்டியலில்தான் சேர்ந்தன. ஒரு சமூகம் தன் குழந்தைகளை எதனால் இழந்தது என்பதே தெரியாமல் போவது பெரிய இழப்பு; தோட்டத் தமிழர் வரலாற்றில் அதுவும் ஒன்று.

காரணம் தெரியாத இடத்தில் நம்பிக்கை வந்து நின்றது. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, கத்தியையோ அரிவாள்மணையையோ தொடக்கூடாது, மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம்பிக்கை. பால்மரத்தைக் கத்தியால் வெட்டிப் பிழைக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! குறையோடு பிறந்த பிள்ளையைப் பார்த்ததும் பழி தாயின் மேலேயே விழுந்தது. அண்ணமும் தாடையும் அமைந்து முடிவது கர்ப்பத்தின் முதல் சில மாதங்களுக்குள். நிறைமாதத்தில் வந்த கிரகணத்துக்கு அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. அந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் எத்தனையோ தாய்மார் குற்ற உணர்விலிருந்து தப்பியிருப்பார்கள்.

பழைய வழக்கங்கள் எல்லாமே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. உறிஞ்சிக் குடிக்க இயலாத குழந்தைக்குத் தமிழ் வீடுகளில் சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டுவார்கள். மடியில் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் ஊற்றுவது அந்த முறை. இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் பின்னாளில் இதே பாலாடையை ஆராய்ந்து பார்த்து, குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க ஏற்ற கருவியாக ஏற்றுக்கொண்டன. அண்ணப்பிளவுள்ள குழந்தைக்குப் புட்டிப்பாலைவிட அது பாதுகாப்பானது. ஆனால் தோட்டத்துக் கடைகளில் டின்பால் வந்து சேர்ந்தது. இனிப்பூட்டிய டின்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்ற நிறுவனங்களைக் கண்டித்து, குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் நிகழ்த்திய ‘பாலும் கொலையும்’ என்ற உரை புகழ்பெற்றது. நாட்டின் குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்று பெயர் சொல்லிப் பேசிய முதல் குரல்களில் அவருடையதும் ஒன்று.

சட்டம் மெல்ல மெல்ல வந்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பேறுகால உதவித்தொகையைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆயாக்கொட்டகையும் தோட்டங்களில் இடம்பெற்றது. பால் வெட்டப் போகும் தாய் கைக்குழந்தையை அங்கே விட்டுப் போகலாம். இந்திய அரசின் சார்பில் 1936 இறுதியில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தந்தார். கூலிக் குறைப்புத் தொடர்ந்ததால் 1938ல் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. புதிதாக ஆள் வராத நிலையில், தோட்டத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைதான் நாளைய தொழிலாளி என்பது நிர்வாகங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். அந்தப் புரிதல் பலன் தருமுன் ஜப்பானியர் வந்தார்கள். ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; லயங்களில் பெண்களும் மரவள்ளிக் கிழங்கும் மிஞ்சின.

ஈப்போ நகரத்தின் பேறுகால வரலாற்றில் அந்த ஆண்டுகளுக்கு ஒரு பெயர் உண்டு: சிபில் கார்த்திகேசு. 1899ல் மேடானில் பிறந்த யுரேசியப் பெண்; தாயும் மருத்துவச்சி. பயிற்சி பெற்ற தாதியாகவும் மருத்துவச்சியாகவும் தகுதி பெற்று, கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவோடு ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தினார். கண்டோனீஸ் சரளமாகப் பேசியதால் ஈயச் சுரங்கக் குடும்பங்களின் சீனப் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். போர்க்காலத்தில் குடும்பம் பாப்பான் சிற்றூருக்குப் பெயர்ந்தது. அங்கே காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்களுக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்ததற்காக 1943ல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. உடல் தேறாமல் 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய வீரத்தைப் பேசுவோர் அவருடைய தொழிலை மறந்துவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் நகரத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் சான்று. அந்தப் பயிற்சி சில மைல் தள்ளியிருந்த தோட்டத்து லயங்களை எட்டவில்லை.

அதே 1948 ஜூனில், 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் தொடங்கியது. லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. இரவு ஊரடங்கு வந்தது. பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது, ஊரடங்குக்கு உண்டு. நடு இரவில் ஈப்போவுக்குப் புறப்படுவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாயிற்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான்.

விடுதலைக்குச் சற்று முன்பும் பின்பும் நாட்டின் பேறுகால மருத்துவத்தில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கிராமச் சுகாதாரத் திட்டம் 1950களில் உருவாகி, சுகாதார நிலையம், துணை நிலையம், மருத்துவச்சி குடியிருந்து பணிபுரியும் சிறு கிளினிக் என்று ஊர்தோறும் பரவியது. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் பதிவையும் பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியது. 1950 வாக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேல் இருந்த தாய் இறப்பு, 1990களில் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. உலகம் பாராட்டிய சாதனை இது. ஆனால் அந்தத் திட்டம் கிராமங்களுக்காக வகுக்கப்பட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கே இருப்போரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்ற காலனியக் கணக்கு தொடர்ந்தது. கம்பம் எனப்படும் கிராமத்துப் பெண்ணின் வாசலுக்கு அரசு மருத்துவச்சி சைக்கிளில் வந்த ஆண்டுகளில், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத்துப் பெண் டிரசரை நம்பியிருந்தாள். போதாததற்கு அதே காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டை வாங்கிய சிறு முதலாளிகள் ஆஸ்பத்திரி நடத்தவில்லை. தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வேண்டும் என்று சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இந்தப் பின்னணியில்தான்.

வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும் முயற்சி இந்த வட்டாரத்திலிருந்து வெகுதூரத்தில் நடந்துகொண்டிருந்தது. முதலில் எக்ஸ்ரே. சிசுவின் மண்டையோடும் முதுகெலும்பும் அதில் தெரியும். சிறிய தாடை எலும்பைக் காட்டுவதில் அது நம்பத்தக்கதாக இல்லை. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களின் பிற்பாதியில் எடுத்துக்காட்டினார். அந்த வழி மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், கொதிகலன் தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்விரிசலை ஒலியால் கண்டறியும் கருவியைக் கேள்விப்பட்டார். அறுவையில் எடுத்த கட்டிகளை 1955ல் காரில் ஏற்றி ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டையும் வைத்துக்கொண்டார். ஜான் மக்விகர், பொறியாளர் டாம் பிரவுன் இருவருடனும் சேர்ந்து 1958ல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து மகப்பேற்று ஸ்கேன் வரலாறு தொடங்குகிறது. காதுக்கு எட்டாத உயர் ஒலி உடம்புக்குள் போய், திசுக்களின் எல்லைகளில் பட்டு எதிரொலிக்கிறது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்பட்டு உருவம் வரையப்படுகிறது. தொடக்கத்தில் கிடைத்தவை அசையாத, புள்ளிபுள்ளியான படங்கள். தலையின் குறுக்களவை அவற்றில் அளக்க முடிந்தது, முகம் தெரியவில்லை. அசைவை அப்படியே காட்டும் கருவிகள் 1970களிலும் 80களிலும் பரவிய பிறகே சிசு வாய் திறப்பதும் விழுங்குவதும் கண்ணுக்குப் புலப்பட்டன.

தாடையைப் பார்க்கப் பக்கவாட்டு முகத்தோற்றம் தேவை. நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் நான்கும் ஒரே வெட்டில் நேராக வர வேண்டும். சிசு குப்புறக் கிடந்தாலோ கையை முகத்தில் வைத்திருந்தாலோ அந்த வெட்டு கிடைக்காது. தாயை எழுப்பி நடக்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டியதுதான். வெட்டு சற்றே சாய்ந்தாலும் நல்ல தாடை சிறிதாகத் தெரியும். கண்மதிப்பை மட்டும் நம்பினால் ஒருவர் சிறிது என்பதை இன்னொருவர் இயல்பு என்பார். இந்தச் சிக்கலுக்கு அளவுகோல்கள் வந்தது 1990களின் இறுதியில். இத்தாலியின் நேப்பிள்ஸில் பாலாதினி குழுவினர் 1999ல் தாடைக் குறியீடு ஒன்றைத் தந்தார்கள். தாடையின் முன்பின் நீளம் தலையின் குறுக்களவில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது அது. 23க்குக் கீழே போனால் சிறுதாடை என்று ஐயுறலாம். பிரான்சில் ரோட்டன் குழுவினர் 2002ல் முகக்கோணம் ஒன்றை வரையறுத்தார்கள். நெற்றிக்குச் செங்குத்தாக மூக்கெலும்பு அளவில் ஒரு கோடு, மோவாயிலிருந்து கூடுதலாக முன்தள்ளிய உதட்டைத் தொடும் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே இயல்பாக 65 பாகை அளவில் இருக்கும் கோணம் 50க்குக் கீழே குறைந்தால் தாடை பின்வாங்கியிருக்கிறது. தாடை சிறியதா, அல்லது அளவு சரியாயிருந்து பின்தள்ளி அமைந்ததா என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டு அளவும் சேர்ந்தே பயன்படுகின்றன. முப்பரிமாண ஸ்கேன் வந்தபிறகு வெட்டைப் பின்னால் திருத்திக்கொள்ளும் வசதியும் கிடைத்தது.

பேராக்கில் இந்த அறிவு வந்து சேர்ந்த வழி, தோட்டங்கள் கலைந்த வழியோடு பின்னிக்கிடக்கிறது. 1970களிலிருந்து பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற இடங்களுக்கும் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் நகரோரங்களுக்கும் பெயர்ந்தன. வீடும் வேலையும் சேர்ந்து பறிபோன துயரம் அது. அந்தத் துயரத்தின் நடுவே, பெயர்ந்த பெண்கள் முதல்முறையாக அரசுக் கிளினிக்கின் எல்லைக்குள் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கர்ப்பம் என்றதும் கிளினிக்கில் பெயர் பதிந்து, தாய்மார் பதிவேட்டைக் கையில் வாங்கி, மாதாமாதம் மிஸ்ஸி எனப்படும் தாதியிடம் காட்டுவது அடுத்த தலைமுறைக்குப் பழகிவிட்டது. அந்தப் பதிவேட்டின் அட்டையில் ஒட்டப்படும் வண்ணக் குறி, யார் எங்கே பிள்ளை பெற வேண்டும் என்பதைச் சொல்கிறது. வெள்ளை என்றால் மிஸ்ஸி பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் மருத்துவமனை நிபுணர். சிவப்பு என்றால் உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லயத்தில் வலி எடுத்தபின் முடிவாகிய இடம், இப்போது மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவாகிறது.

கிளினிக்கில் எடுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் மாதக்கணக்கு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், பிள்ளையின் வளர்ச்சி, நீரின் அளவு ஆகியவற்றுக்கானது. தாடையைத் தேடும் விரிவான ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. ஐயம் எழுந்தால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்புவார்கள். ஐந்தாம் மாதத்தைத் தாண்டிப் பெயர் பதிய வருபவருக்கு இந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது. பின்மாதங்களில் நீர் மிகுந்திருப்பதைக் கண்டு தாடையைத் திரும்பப் பார்ப்பதும் உண்டு. லயத்தில் இரட்டைப் பிள்ளை என்று நினைக்கவைத்த அதே அடையாளம் இங்கே நோயறியும் குறிப்பாகிறது.

சிறுதாடை தெரிந்ததும் அடுத்த கேள்வி, அது தனித்த குறையா, வேறொன்றின் பகுதியா என்பது. பதினெட்டாம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கோளாறில் சிறுதாடையோடு இதயக் குறையும் மடங்கிய விரல்களும் சேர்ந்து வரும். அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்வதில்லை. லண்டன் கண் மருத்துவர் டிரீச்சர் காலின்ஸ் 1900ல் விவரித்த நோய்க்கூட்டில் கன்ன எலும்பும் காதும் சேர்ந்து பாதிக்கப்படும். அறிவு வளர்ச்சி பொதுவாக இயல்பாகவே இருக்கும். அதற்குக் காரணமான முதல் மரபணு 1996ல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கே சிறிய மோவாய் என்றால் பிள்ளைக்கும் அது குடும்பச் சாயலாக இருக்கலாம்; ஆகவே நல்ல மருத்துவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபின் தாய் தகப்பன் முகத்தையும் பார்ப்பார். தமிழரிடையே வழங்கிய மாமன் மகள், அக்காள் மகள் உறவுத் திருமணங்களில், இருவரும் சுமக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையில் சேரும் வாய்ப்பு கூடுகிறது. சிறுதாடையை உண்டாக்கும் கோளாறுகளில் சில அவ்வகை. உறவுமுறையைக் கேட்பது இதனால்தான் என்று விளக்கிச் சொன்னால் குடும்பங்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

குறை தெரிந்தால் கருவைக் கலைக்கலாமா என்ற கேள்வியும் எழும்.  மலேசியாவில் கருக்கலைப்பு குறித்த சட்டம் குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவில் இருக்கிறது. 1989ல் திருத்தப்பட்டபின், தாயின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ ஆபத்து என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அதற்கு இடமுண்டு. சிசுவின் குறை மட்டுமே தனிக் காரணமாகச் சட்டத்தில் சொல்லப்படவில்லை. ஆகவே தாடைக் குறை கண்ட பெரும்பாலான கர்ப்பங்களில் பேச்சு முழுவதும் பிறப்பை எப்படி, எங்கே நடத்துவது என்பதைப் பற்றியே அமைகிறது.

அப்படி முன்கூட்டித் தெரிந்த பேற்றில் குழந்தை மருத்துவரும், மூச்சுக்குழாய் வைக்கத் தெரிந்த மயக்க மருத்துவரும், காதுமூக்குத் தொண்டை மருத்துவரும் அறையில் காத்திருப்பார்கள். பல குழந்தைகளுக்கு முதல் வைத்தியம் மிக எளியது: குப்புறப் படுக்கவைத்துக் கண்காணிப்பது. நாக்கு தன் எடையாலேயே முன்னே விழுந்து வழி திறக்கும். அது போதாவிட்டால் மூக்கு வழியாக மென்குழாய். அதுவும் போதாவிட்டால் நாக்கை உதட்டோடு தைத்து நிறுத்துவது, தாடை எலும்பை அறுத்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இழுத்து நீட்டுவது, கடைசி வழியாகத் தொண்டையில் துளையிடுவது. எலும்பை நீட்டும் முறையைச் சைபீரியாவில் காலெலும்புக்காக இலிசாரோவ் உருவாக்கினார். நியூயார்க்கில் ஜோசப் மக்கார்த்தி 1992ல் அதைக் குழந்தைகளின் தாடைக்குக் கொண்டுவந்தார். மிகக் கடுமையான அடைப்பு எதிர்பார்க்கப்பட்டால், தொப்புள்கொடி அறுபடாமல் தாயிடமிருந்து பிராணவாயு வந்துகொண்டிருக்கும்போதே மூச்சுக்கு வழி செய்யும் அறுவையும் உண்டு. அது மிகச் சில மையங்களில் மட்டுமே இயலும். தனித்த சிறுதாடையோடு பிறந்தவர்களில் பலருக்கு முதல் ஓரிரண்டு ஆண்டில் தாடை ஓரளவு முன்னோக்கி வளர்ந்துவிடுகிறது. அண்ணப்பிளவு பெரும்பாலும் ஒரு வயதையொட்டித் தைக்கப்படுகிறது. பிறகு பேச்சுப் பயிற்சி.

பழைய தோட்டங்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் குறைவு. செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தால் பெண் தொழிலாளர் தகுதி இழக்கிறார். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவர் கொடுப்பதைவிடப் பலமடங்கு. அதனால் அவர்களில் கருவுற்றவர்கள் கிளினிக்கில் பெயர் பதியத் தயங்குகிறார்கள், ஐந்தாம் மாத ஸ்கேனும் அவர்களுக்குத் தவறிப்போகிறது. உள்ளூர்த் தொழிலாளிக்கோ 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பைத் தந்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாளாக உயர்ந்திருக்கிறது.